இன்று எங்கள் பாடு!

"அம்மா! ஐந்நூறு ரூபாயில் ஒரு சினிமா எடுக்க வேண்டும். சிரிப்பாக இருக்க வேண்டும். திங்கட்கிழமை கொடுத்துவிட வேண்டும்!"

தோசைத் திருப்பியும் கையுமாக அப்படியே நின்றுவிட்டேன். ஏ.வி.எம். செட்டியாரிடம் கேட்க வேண்டியதை என்னிடம் வந்து கேட்கிறாளே இந்தப் பெண்!

விசாரித்த பிறகு விஷயம் விளங்கிற்று. தமிழாசிரியையின் உத்தரவாம். நாலு நாலு பேராகச் சேர்ந்து, செல்போனில் ஐந்து நிமிஷ ஹாஸ்யப் படம் எடுத்து வர வேண்டும். வசனம் முழுவதும் தமிழில் இருக்க வேண்டும். ஐந்நூறு ரூபாய்க்கு மேல் செலவழித்தால் மார்க்கு குறையும்.

"பழைய படங்களைப் பாருங்கள்" என்று யோசனை சொன்னேன். தமிழ் வகுப்புக்கும் சிரிப்புக்கும் உள்ள உறவு நேற்று இன்று ஏற்பட்டதா என்ன? பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகம் 'சபாபதி' 1941-ல் படமாக வந்தது. எஜமானன் பெயரும் சபாபதி, வேலைக்காரன் பெயரும் சபாபதி. எஜமானனாக டி.ஆர். ராமச்சந்திரன், வேலைக்காரனாக காளி என். ரத்னம். பிள்ளைகளிடம் அகப்பட்டுக்கொண்டு விழிக்கும் தமிழ்ப் பண்டிதராக கே. சாரங்கபாணி. எஜமானன் ஒன்று சொல்ல, வேலைக்காரன் வேறொன்றாக எடுத்துக்கொள்ளுவான். ஒரு சொல் இருவர் காதில் இரண்டு விதமாக விழுகிறது. அதுதான் அங்கே மூலதனம்.

ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை' (1964) படத்தில் நாகேஷ் பாலையாவுக்குக் கதை சொல்லுகிறாரே, அதற்கு என்ன பெரிய செலவு? சொல்ல ஒருவர், கேட்டு நடுங்க ஒருவர், அவ்வளவுதான். கையில் பணமில்லாமலே 'ஓஹோ புரொடக்ஷன்ஸ்' ஆரம்பித்த செல்லப்பா அல்லவா அவர்!

குழந்தைகள் இரண்டையும் பார்த்தார்கள், உருண்டு உருண்டு சிரித்தார்கள். பிறகு ஒரு கதை எழுதினார்கள். பட்டணத்துப் பிள்ளைகள் மீனவக் குப்பத்துக்குப் போகிறார்கள். அங்கே ஒட்டு மீசை வைத்த மீனவர் ஒருவர் 'இன்னா, இன்னா' என்று பேசுகிறார். அதைக் கேட்டு எல்லோரும் சிரிக்கிறார்கள். கதை முடிந்தது!

எனக்கு என்னவோ அது ருசிக்கவில்லை. ஆனால் நாலு பேரில் ஒருத்திக்குப் பொன்னேரியில் அத்தை வீடு. அங்கிருந்து பஸ் ஏறினால் பழவேற்காடு. செலவும் குறைவு, ஏரியும் இலவசம். சனிக்கிழமை காலை ரயில் ஏறினோம்.

* * *

சென்னைக்கு வடக்கே ஏறக்குறைய 60 கிலோமீட்டரில் இருக்கிறது பழவேற்காடு. ஒடிசாவின் சில்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவிலேயே பெரிய உப்பங்கழி ஏரி இதுதான். அதன் பெரும்பகுதி ஆந்திராவில் இருப்பதால், கரையில் தமிழும் தெலுங்கும் கை கோத்துக்கொண்டு நடக்கின்றன. 1613-ல் டச்சுக்காரர்கள் இங்கே ஒரு கோட்டை கட்டினார்கள். கோட்டை மண்ணோடு மண்ணாகிவிட்டது. அவர்களுடைய கல்லறைத் தோட்டம் மட்டும் இருக்கிறது. வாசலிலேயே இரண்டு எலும்புக்கூடுகளைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்ததும் எங்கள் கண்ணாடிக்காரப் பையன் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டான். கதாநாயகன் அவன்தான்!

ஏரிக்கரையில் ஒரு பாட்டி வலையில் சிக்கிய பாசியை எடுத்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் ஒட்டு மீசையை எடுத்து ஒத்திகையை ஆரம்பித்தார்கள். "இன்னாபா, இன்னாபா" என்று பையன் இழுத்து இழுத்துப் பேசினான். பாட்டி கொஞ்ச நேரம் பார்த்தாள். கோபமில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை.

"ஏம்மா, எங்க பேச்சுல இன்னா சிரிப்பு இருக்குது?" என்று என்னைத்தான் கேட்டாள்.

எனக்குப் பதில் வரவில்லை. பையன் மீசையைப் பிய்த்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். யாரும் பேசவில்லை.

அந்தச் சங்கடத்தை மாற்றுவதற்காக என் பெண், "ஆயா, இன்றைக்கு ஏன் படகு போகவில்லை?" என்று கேட்டாள்.

"இன்னிக்கி எங்க பாடு இல்ல கண்ணு. நாளான்னிக்கிதான் எங்க பாடு."

"நாளை மறுநாள் வரை எதற்கு ஆயா? எனக்காக இப்போதே ஒரு பாட்டுப் பாடுங்களேன்!"

பாட்டி ஒரு நிமிஷம் திகைத்தாள். பிறகு சிரித்தாள் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு! கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பெண்களைக் கூப்பிட்டுச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

அப்புறம்தான் விளக்கினாள். ஏரியில் இறால் நன்றாகக் கிடைக்கும் இடங்கள் சிலவே. எல்லோரும் ஒரே நாளில் அங்கே வலை கட்டப் போனால் சண்டைதான் மிஞ்சும். அதற்காக முறை வைத்திருக்கிறார்கள். இன்று ஒரு கூட்டம், நாளை இன்னொரு கூட்டம். அந்த முறைக்கும் அந்த இடத்துக்கும் 'பாடு' என்று பெயர். கோட்டைக்குப்பம் முதலான சில குப்பங்களில் தலைமுறை தலைமுறையாக வந்த ஏற்பாடு இது. பாட்டுரிமை இல்லாத குடும்பங்களும் ஏரிக்கரையில் உண்டு. அவர்களுக்கு இதில் மனத்தாங்கலும் உண்டு. கடலையும் ஏரியையும் சேர்க்கும் முகத்துவாரத்தை மணல் அடைத்துக்கொண்டால், பாடு வந்தும் பிரயோஜனமில்லை.

"பாடு வந்து, இறாலும் வந்தாத்தான் அடுப்பு எரியும். இல்லாங்காட்டி நாங்க படற பாடு இருக்குதே..." என்றாள் பாட்டி.

என் பெண் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தாள். பாடு என்றால் பாட்டுப் பாடு. பாடு என்றால் முறை. பாடு என்றால் கஷ்டம். மூன்றையும் எழுதிவிட்டு, பழைய கதை இருந்த பக்கத்தைக் கிழித்தாள்.

* * *

புதுக் கதை அரைமணியில் தயார். பட்டணத்துப் பிள்ளைகள் நாலு பேர் ஏரிக்கு வருகிறார்கள். "இன்று எங்க பாடு" என்று எவரோ சொல்லக் கேட்டு, கச்சேரி என்று நினைத்து ஜமுக்காளம் விரித்து உட்காருகிறார்கள். ஒருத்தி தொண்டையைக் கனைக்கிறாள். ஒருவன் குடத்தைக் கவிழ்த்துத் தாளம் போடுகிறான். பாட்டி வலையைத் தூக்கிக்கொண்டு குறுக்கே நடந்து போகிறாள். கடைசியில் அவளுக்கு ஒரே வசனம்: "நீங்க பாடுங்க கண்ணு, எங்க பாட்டை நாங்க பாத்துக்கறோம்!"

இப்போது சிரிப்பு யாரைப் பார்த்து? தமிழ் தெரியும் என்று நினைத்துக்கொண்டு வந்தவர்களைப் பார்த்து! 'சபாபதி'யில் சிரித்தது போலத்தான்.

படத்தை அங்கேயே பாட்டிக்குப் போட்டுக் காட்டினோம். மூன்று தடவை பார்த்தாள். "இன்னும் கொஞ்சம் மெதுவா நடந்திருக்கலாம்" என்று தன் நடிப்பில் மட்டும் ஒரு குறை சொன்னாள்.

செலவுக் கணக்கு: ரயில், பஸ், மோர், ஒரு சீப்பு வாழைப்பழம், ஒட்டு மீசை ஆக 485 ரூபாய். மீசை மட்டும் வீண் செலவு.

வகுப்பில் படம் நன்றாகவே எடுபட்டதாம். மார்க்கு எத்தனை என்று நான் கேட்கவில்லை. எனக்குக் கிடைத்த லாபம் வேறு. அன்றிரவே எங்கள் வீட்டுச் சமையலறைக்கும் பாடு முறை வைத்துவிட்டேன். மறுநாள் காலை படுக்கையில் இருந்தபடியே, "இன்று காபி உங்கள் பாடு!" என்றேன் என் கணவரிடம்.

அவர் பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்கி, "நானா? எனக்கு ராகமே வராதே!" என்றார்.