மறதி நோய் ஆய்வுக்காக வீட்டிற்கு வருவோரிடம் பராமரிப்பவர் கூறும் பதில் ஏன் முக்கியம்?

முதியோர் நலம் குறித்த கணக்கெடுப்புக்காக ஆய்வாளர் வீட்டிற்கு வரும்போது, குடும்பத்தினர் பலர் தயங்குகின்றனர். "வயதானால் மறதி வரத்தான் செய்யும்" என்று கூறி அனுப்பிவிடுவோரும் உண்டு. இத்தகைய ஆய்வுகள் எவ்வாறு நடைபெறுகின்றன, யார் நிதி வழங்குகின்றனர், உங்கள் உரிமைகள் யாவை என்பதை இப்பக்கம் விளக்குகிறது.

இவை எத்தகைய ஆய்வுகள்?

இந்தியாவில் 45 வயதும் அதற்கு மேலும் உள்ளோரின் உடல்நலம், குடும்பச் சூழல், பொருளாதார நிலை ஆகியவற்றை அறியும் தேசிய முதுமை ஆய்வின் முதல் சுற்று 2017-18ஆம் ஆண்டுகளில் நடைபெற்றது. மும்பையிலுள்ள சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் நடத்திய இந்த ஆய்வில் ஏறத்தாழ 72,000 பேர் பங்கேற்றனர்.

அவர்களுள் 60 வயதைக் கடந்த 4,000க்கும் மேற்பட்டோரிடம், டிமென்ஷியா எனப்படும் மறதி நோய் குறித்துத் தனி ஆய்வு மேற்கொள்ளப்பட்டது. இதில் புது தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையும் அமெரிக்காவின் தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகமும் இணைந்து செயல்பட்டன.

நிதி வழங்குவோர் யார்?

தேசிய முதுமை ஆய்வுக்கு மத்திய சுகாதார மற்றும் குடும்பநல அமைச்சகம், அமெரிக்க அரசின் தேசிய முதுமை நிறுவனம், ஐக்கிய நாடுகள் மக்கள்தொகை நிதியம் ஆகியவை நிதி வழங்கின. பங்கேற்போரின் பெயரும் முகவரியும் நீக்கப்பட்ட தரவுகளே பிற ஆராய்ச்சியாளர்களுக்கு அளிக்கப்படுகின்றன.

பராமரிப்பவரின் பதில் ஏன் தேவை?

மறதி நோயை இரத்தப் பரிசோதனையால் மட்டும் உறுதிசெய்ய இயலாது. முதியவரின் நினைவாற்றலைச் சோதிப்பதுடன், அவரை நன்கு அறிந்த ஒருவரிடமும் தனியே கேள்விகள் கேட்கப்படுகின்றன. சில நாட்களுக்கு முன் பேசியது நினைவில் உள்ளதா, பணத்தைக் கையாள முடிகிறதா, இவை முன்பு எவ்வாறு இருந்தன என்பன போன்றவை அவை.

பள்ளிக்கே செல்லாத ஒருவர் எழுத்துச் சோதனையில் தடுமாறுவது நோயின் அறிகுறியன்று. ஆனால் பல்லாண்டுகளாகத் தாமே சமைத்து வந்தவர் அடுப்பை அணைக்க அடிக்கடி மறப்பது கவனிக்க வேண்டிய மாற்றம். இந்த வேறுபாட்டை உடனிருந்து பார்ப்பவரே கூற முடியும். கூச்சத்தாலோ, பெரியவரைக் குறைத்துப் பேசலாகாது என்னும் எண்ணத்தாலோ இதனை மறைத்தால், அவர் நோயற்றவராகவே கணக்கிடப்படக்கூடும்.

அறியப்பட்டது என்ன?

இந்தியாவில் 60 வயதைக் கடந்தோரில் 7.4 சதவீதத்தினர், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர், மறதி நோயுடன் வாழ்கின்றனர் என இந்த ஆய்வு மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரங்களைவிடக் கிராமங்களிலும் பாதிப்பு அதிகம். மருத்துவர்கள், பகல்நேரப் பராமரிப்பு மையங்கள், பராமரிப்போருக்கான பயிற்சி ஆகியவை எங்கு, எவ்வளவு தேவை எனத் திட்டமிட இத்தகைய மதிப்பீடுகளே அடிப்படை.

உங்கள் உரிமைகள்

• பங்கேற்பது முற்றிலும் உங்கள் விருப்பம். மறுத்தாலும் சிகிச்சையோ அரசு உதவியோ பாதிக்கப்படாது.
• ஆய்வாளரின் அடையாள அட்டையையும், நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் விவரத்தையும் கேட்டறியலாம்.
• ஒப்புதல் படிவம் உங்களுக்குப் புரியும் மொழியில் விளக்கப்பட வேண்டும்.
• விரும்பாத கேள்வியைத் தவிர்க்கலாம், இரத்த மாதிரி தர மறுக்கலாம், இடையிலேயே விலகலாம்.
• முதியவரால் ஒப்புதல் தர இயலாதபோது சட்டப்படி அவருக்காக முடிவெடுக்கும் உரிமை உடையவர் தரலாம். ஆயினும் முதியவர் விருப்பமின்மையைக் காட்டினால் அதனை மதிக்க வேண்டும்.
• கட்டணம், வங்கிக் கணக்கு விவரம், கடவு எண் ஆகியவற்றைக் கேட்டால் தர வேண்டாம். காவல் துறைக்குத் தெரிவியுங்கள்.

நினைவில் கொள்க

ஆய்வில் பங்கேற்பது மருத்துவப் பரிசோதனைக்கு மாற்றாகாது. தைராய்டு குறைபாடு, வைட்டமின் பி12 குறைபாடு, மனச்சோர்வு ஆகியவற்றாலும் மறதி ஏற்படலாம். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. உங்கள் வீட்டுப் பெரியவரிடம் மாற்றம் தென்பட்டால், ஆய்வாளருக்காகக் காத்திராமல் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.