வேட்டிக்குள் ஒரு ரகசியம்!

குளிக்கும்போதுதான் முதலில் பார்த்தேன். தொடை இடுக்கில், எலுமிச்சம்பழ அளவில் ஒரு புடைப்பு. படுத்தால் காணாமல் போகும்; எழுந்து நின்று இருமினால் 'உள்ளேன் ஐயா' என்று ஆஜராகிவிடும். வலி இல்லை. இடமோ... வெளியே சொல்லக்கூடிய இடமா? மனைவியிடம்கூட மூச்சு விடவில்லை.

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் ஆபீசுக்குத் தினமும் பஸ்ஸில் போகிறவன் நான். எட்டு மாதம் இப்படியே ஓட்டினேன். ஆடிப்பூரத்தன்று ஆண்டாள் தேர் வடம் பிடிக்க நண்பர்கள் கூப்பிட்டபோது, "இடுப்புப் பிடிப்பு" என்று புளுகிவிட்டுப் பால்கோவா கடைப் பக்கம் ஒதுங்கினேன்.

ஆபீஸ் அண்ணாச்சி மட்டும் கண்டுபிடித்துவிட்டார்.

"தம்பி, குடலிறக்கம்தானே? எனக்கும் இருந்துச்சு. பெல்ட்டைக் கட்டியே ஆறு வருஷம் ஓட்டினேன். ஒருநாள் ராத்திரி வெளிய வந்தது உள்ள போகலை. கல்லு மாதிரி ஆயிருச்சு. வாந்தி, உயிர் போற வலி. மதுரைக்குத் தூக்கிட்டு ஓடினாங்க. ரத்த ஓட்டம் நின்னு அழுகின குடலை வெட்டி எடுத்தாங்க. வெட்கப்பட்டதுக்கு நான் கட்டின அபராதம்!"

மறுநாளே டாக்டர் முன்னால் நின்றேன். "இருமுங்க" என்றார். இருமினேன். கையை வைத்துப் பார்த்தார். அவ்வளவுதான் பரிசோதனை!

"பிறக்கிறதுக்கு முன்னாடி, ஆண் குழந்தையோட விதைகள் வயித்துக்குள்ள இருந்து ஒரு பாதை வழியா கீழே இறங்குது. வயித்துச் சுவர்ல அந்த இடம் ஆயுசுக்கும் பலவீனம். ஓயாத இருமல், மலச்சிக்கல், பாரம் தூக்கறது... உள்ளே அழுத்தம் கூடினா கொழுப்போ குடலோ பிதுங்கும். ஆண்கள்ல சுமாரா 4 பேர்ல ஒருத்தருக்கு வாழ்நாள்ல இது வரலாம். மாத்திரையில மூடாது. பெல்ட் தாங்கிப் பிடிக்குமே தவிர ஓட்டையை அடைக்காது" என்றார்.

தொல்லை தராத சின்ன இறக்கத்தை டாக்டர் கண்காணிப்பிலேயே விட்டுவைப்பதும் உண்டாம். எனக்கு ஆபரேஷன்தான். பலவீனமான இடத்தில் ஒரு வலையை வைத்துத் தைத்துவிடுகிறார்கள். பக்கத்துச் சத்திரப்பட்டியே பேண்டேஜ் துணிக்குப் பேர்போன ஊர். ஒட்டுப் போடுவது நமக்குப் புரியாதா என்ன?

இந்த வலை விலை கூடியது. மகாராஷ்டிராவின் டாக்டர் டோங்காவ்ங்கர், கிருமி நீக்கிய கொசுவலைத் துணியையே வைத்துத் தைத்துக் காட்டினார். 2003-ல் ஆய்வாகவும் வெளியிட்டார். பிறகு உகாண்டாவில் 302 ஆண்களிடம் இரண்டு வலைகளையும் ஒப்பிட்டார்கள். ஒரு வருஷம் கழித்துப் பெரிய வித்தியாசமில்லை என்று 2016-ல் முடிவு வெளியானது. (வீட்டுக் கொசுவலையைக் கழற்றிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள்!)

மறுநாளே வீடு திரும்பினேன். சில வாரம் பாரம் தூக்கக் கூடாது, அவ்வளவுதான். புடைப்பு உள்ளே போக மறுத்து, வலியும் வாந்தியும் வந்தால் மட்டும் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீர்கள்.

ரகசியம் உடைந்ததும் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்: "இருமும்போதெல்லாம் வேட்டியைப் பிடிச்சுக்கிட்டீங்களே... அவுந்து விழுதுன்னுல்ல நெனச்சேன்!"