குற்றவாளி வால்வுதானா?

சித்திரை வெயில். தென்காசி மாவட்டம் குருவிகுளத்தில், உச்சிப்பொழுதில் ஒரு பஸ் நிற்கிறது. உள்ளே ஒரே புழுக்கம்! ஆனால் ஜன்னலைத் திறந்துவிடலாம்.

ஆகாய விமானத்தில் அது முடியாது. மதுரையோ, தூத்துக்குடியோ, வெயிலில் என்ஜினை நிறுத்திவிட்டு நின்றால் உள்ளே அடுப்புதான்!

இதற்காகவே குளிரூட்டும் வண்டி ஒன்று உண்டு. விமானத்தின் அருகே வந்து நிற்கும். யானைத் தும்பிக்கை போன்ற குழாயை விமானத்தின் வயிற்றில் மாட்டுவார்கள். குளிர்ந்த காற்று உள்ளே பாயும்.

வயல் மடை

இந்த வண்டிக்குள் ஒரு சிறு வால்வு இருக்கிறது. வயலுக்கு மடை எப்படியோ, அப்படித்தான் இதுவும். குளிரூட்டும் திரவத்தை அளவோடு விடும். அந்தத் திரவம் குழாய்க்குள் கொதித்து ஆவியாகும். அப்போது காற்றில் உள்ள வெப்பத்தை இழுத்துக்கொள்ளும்.

கொதித்தால் சுடுமே என்கிறீர்களா? பல வண்டிகளில் ஊற்றும் "ஆர்-134ஏ" என்ற திரவம், திறந்த வெளியில் பூஜ்யத்துக்கும் கீழே 26 டிகிரி சென்டிகிரேடிலேயே கொதித்துவிடும்!

எவ்வளவு விடுவது என்று வால்வுக்கு யார் சொல்வது? குழாயின் முடிவில் கட்டியிருக்கும் சிறு குமிழ்! இதைப் "பல்பு" என்பார்கள். குழாய் சூடானால் வால்வைத் திறக்கும். குளிர்ந்தால் மூடும்.

விசாரணை

காற்று குளிரவில்லையா? "வால்வு போச்சு, மாற்று!" என்பான் அவசரக்காரன்.

நல்ல மெக்கானிக் முதலில் விசாரிப்பார். காற்று வடிகட்டியில் தூசி அடைத்திருக்கிறதா? விசிறி சுற்றுகிறதா? திரவம் கசிந்து குறைந்துவிட்டதா?

பிறகு பல்பைக் கழற்றி உள்ளங்கையில் பொத்திக்கொள்வார். கம்ப்ரசருக்குத் திரும்பும் குழாயில் அழுத்தம் ஏறுகிறதா? அப்படியானால் வால்வு வேலை செய்கிறது!

சிறிது நேரம் குளிர்ந்து, நின்று, மறுபடி குளிர்கிறதா? உள்ளே ஈரம் புகுந்து, வால்வின் துவாரத்தில் பனிக்கட்டியாக அடைத்திருக்கலாம். வெந்நீரில் நனைத்த துணியை வால்வின் மேல் போட்டதும் குளிர் திரும்பினால், திருடன் அகப்பட்டான்! ஈரத்தை உறிஞ்சும் வடிகட்டியை மாற்ற வேண்டும். புது வால்வு மட்டும் போட்டால், அதுவும் அடைத்துக்கொள்ளும்.

உயிர்நாடி

பல்பின் கட்டு தளர்ந்தால் இன்னும் ஆபத்து. வால்வு அளவுக்கு மேல் திறக்கும். ஆவியாகாத திரவம் கம்ப்ரசருக்குள் போகும். ஆவியை அமுக்கலாம். திரவத்தை அமுக்க முடியுமா? கம்ப்ரசரே உடைந்துபோகும்!

ஒரு பட்டையை இறுக்கியிருந்தால் தப்பியிருக்கும்.

விசாரித்த பிறகே தண்டனை. மனிதருக்கு மட்டுமல்ல, வால்வுக்கும் அதுதான் நியாயம்!