அமிழ்ந்துபோன குரல்

1980களில் வடபகுதிக் கிராமங்களில் இரவு வேளையிலே பீ.பீ.ஸி. தமிழோசை கேட்டவர்கள் இதனை மறந்திருக்கமாட்டார்கள். எங்கள் வீட்டுத் திண்ணையில் அயலவர் பதினைந்து பேர் கூடியிருப்பர். நடுவிலே பற்றரியில் இயங்கும் சிறிய வானொலிப் பெட்டி. எங்கள் பகுதிச் செய்தி வரும்போது பார்த்துக் குரல் அமிழ்ந்துவிடும். அரை நிமிடத்தில் மீண்டும் எழும். அதற்குள் ஊரின் பெயர் போயிருக்கும். ஐயா பெட்டியைத் தட்டுவார். குற்றம் பெட்டியினுடையதன்று.

சிற்றலைகள் நிலத்தை ஒட்டி நெடுந்தூரம் செல்வதில்லை. வானத்திற் சென்று வளைந்து திரும்புகின்றன. ஞாயிற்றின் கதிர்கள் மேல்வளியின் அணுக்களிலிருந்து இலத்திரன்களைப் பிரித்துவிடுவதால், ஏறத்தாழ 60 கிலோமீற்றருக்கு மேலே அயனமண்டலம் உண்டாகின்றது. அதன் கீழ்ப்படை அலைகளை விழுங்குவது. 250 கிலோமீற்றர் அளவிலுள்ள மேற்படையோ திருப்பி அனுப்புவது. பொழுது சாய்ந்ததும் கீழ்ப்படை கரைந்துவிடுகின்றது. மேற்படை இரவிலும் எஞ்சி நிற்கின்றது. ஆகவே தொலைநாட்டுக் குரல்கள் இரவில் வந்து சேருகின்றன. அழையாத நிலையங்களும், எங்கோ அயற்கடலில் மின்னும் மின்னலின் கரகரப்பும் கூடவே வருகின்றன. வானம் தெளிந்திருக்கப் பெட்டி மட்டும் இடிக்கிறதே என்று எங்கள் ஆச்சி வியப்பதுண்டு.

குரல் அமிழ்வதன் காரணம் வேறு. ஒரே அலை ஒருமுறை தெறித்தும், இருமுறை தெறித்தும், இரு வழிகளால் நம்மை அடைகின்றது. முகடும் முகடும் சேர்ந்தால் ஒலி ஓங்கும். முகடும் தாழியும் சேர்ந்தால் ஒன்றையொன்று அழிக்கும். அயனமண்டலமோ ஓயாது அசைவது. வழிகளின் நீளமும் மாறிக்கொண்டேயிருக்கும். இந்த ஏற்றத்தாழ்வையே கருவியாக்கி, 1924ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே அப்பிள்ரன் என்பார் பார்னெற்றுடன் சேர்ந்து, போர்ண்மத் நகரத்துப் பீ.பீ.ஸி. நிலையத்தின் ஒலிபரப்பைக் கொண்டு அப்படையின் உயரத்தை அளந்தார். நமக்குத் தொல்லையானது அவருக்குச் சான்றாயிற்று! 1947இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நமக்கு இன்னுமொரு சங்கடம் உண்டு. பூமியின் காந்த மத்திய கோடு இலங்கைக்கு அருகாகச் செல்கின்றது. அதனை அண்டிய வானில், ஞாயிறு மறைந்த பின்னர் மேற்படை குமிழிகுமிழியாகக் குலைவதுண்டு. அவ்வேளையிற் குரல் நடுநடுங்கி வரும். செய்தி கேட்கும் நேரமும் அதுவே.

இதனை அறிந்தே நிலையத்தார் ஒரே நிகழ்ச்சியை இரண்டு மூன்று அலைவரிசைகளில் ஒலிபரப்புவர். ஒன்று அமிழும்போது மற்றொன்று பெரும்பாலும் அமிழ்வதில்லை. ஐயாவுக்கும் அது தெரியும். முள்ளைத் திருப்பி மற்ற வரிசையைப் பிடிப்பதற்குள், வாசிப்பவர் அடுத்த செய்திக்குப் போயிருப்பார்.