டவரை விற்ற ஏர்செல்

2018 பிப்ரவரி கடைசியில் தமிழ்நாட்டில் லட்சக்கணக்கான ஏர்செல் போன்களில் சிக்னல் போனது. வேறு நிறுவனத்துக்கு மாறவும் வழியில்லை. மாறுவதென்றால் 1900-க்கு எஸ்எம்எஸ் அனுப்பி, பதிலுக்கு வரும் குறியீட்டைக் கடையில் காட்ட வேண்டும். சிக்னல் இல்லாத போனுக்கு எஸ்எம்எஸ் எப்படி வரும்?

தமிழ்நாட்டில் முன்னணியில் இருந்த நிறுவனம் இது. தொழிலதிபர் சி.சிவசங்கரன் 1999-ல் தொடங்கினார். 2006-ல் 74 சதவீதப் பங்குகள் மலேசியாவின் மேக்சிஸ் நிறுவனத்துக்குக் கைமாறின. அதன் அன்றைய உரிமையாளர் டி.ஆனந்த கிருஷ்ணன், இலங்கைத் தமிழ் வம்சாவளியினர். பங்குகளை விற்குமாறு அன்றைய தொலைத்தொடர்பு அமைச்சர் தயாநிதி மாறன் நெருக்கடி கொடுத்தார் என்று சிவசங்கரன் புகார் சொன்னார். 2011-ல் சிபிஐ வழக்குப் பதிந்தது. 2017 பிப்ரவரியில் சிறப்பு நீதிமன்றம் மாறனையும் அவருடைய சகோதரரையும் விடுவித்தது.

மேக்சிஸ் காலத்தில் சிஎஸ்கே வீரர்களின் சட்டையில் ஏர்செல் பெயர் இருந்தது. சேவையும் நாடெங்கும் விரிந்தது. செலவும் கூடியது. 2010-ல் 3ஜி அலைக்கற்றைக்கு மட்டும் சுமார் 6,500 கோடி ரூபாய். அதே ஆண்டு தன்னிடமிருந்த 17,500 டவர்களை ஜிடிஎல் இன்ஃப்ரா நிறுவனத்துக்கு சுமார் 8,400 கோடி ரூபாய்க்கு விற்றது. சொந்த வீட்டை விற்றுவிட்டு அதிலேயே வாடகைக்குக் குடியிருப்பது போன்ற ஏற்பாடு.

2016-ல் ஜியோ வந்தது. கட்டணம் சரிந்தது, கடன் ஏறியது. ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸுடன் இணையும் திட்டமும் 2017 அக்டோபரில் முறிந்தது. வாடகை பாக்கி சேர்ந்ததும் டவர் நிறுவனங்கள் சுவிட்சை அணைத்தன. 2018 பிப்ரவரி முடிவதற்குள் ஏர்செல் திவால் மனு போட்டது.

இதில் மலைக்கென்று ஒரு கணக்கு உண்டு. சமவெளியில் ஒரு டவர் செயலிழந்தால் பக்கத்து டவர் ஓரளவு கைகொடுக்கும். பழநி மலைத்தொடரில் அதை நம்ப முடியாது. அலை ஒரு முகட்டைத் தாண்டி மறுபக்கப் பள்ளத்தில் இறங்குவது கடினம். அங்குள்ள பூம்பாறையிலும் மன்னவனூரிலும் பூண்டு, கேரட் போடும் விவசாயி, கீழே ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் இன்று என்ன விலை என்று கேட்டுவிட்டுத்தான் மூட்டையை ஏற்ற முடியும். எந்த டவர் எட்டுகிறதோ அதுதான் அவருடைய நிறுவனம். ஆஃபரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் வசதி அங்கே குறைவு.

வங்கிக் கணக்கின் ஓடிபி முதல் ஆதார் வரை ஒரே எண்ணில் கட்டிவைத்திருப்பவர்கள் இன்னொரு நிறுவனத்தின் சிம்மையும் வைத்துக்கொள்வது நல்லது. வாங்குமுன் ஒன்றை விசாரியுங்கள்: இரண்டு நிறுவனங்களும் ஒரே டவரில் குடியிருந்தால், அந்த டவரே செயலிழக்கும்போது இரண்டாவது சிம்மால் பெரிய பாதுகாப்பு கிடைத்துவிடாது.