ஊமத்தைப் புகையும் மூச்சுக் குழாயும்

ஆர்.கே.பேட்டையிலிருந்து ஆந்திர எல்லையை நோக்கிச் செல்லும் சாலையோரங்களிலும், விசைத்தறி ஓடும் தெருக்களின் பின்புறத்துக் குப்பைமேடுகளிலும், நடுவாரும் நீர் வார்ப்பாரும் இன்றியே செழித்து நிற்கும் ஊமத்தையைச் சிவபெருமானுக்கு உகந்த மலரென்றும், தின்றவனைப் பித்தனாக்கும் விஷமென்றும் நாம் அறிவோம்; மேனாட்டார் இளைப்பு நோய்க்கு நெடுங்காலம் பிரயோகித்த ஓர் ஔஷதம், நம் சென்னையிலிருந்து கப்பலேறிய இச்செடியினத்திலிருந்தே வந்தது என்பதை அறிந்தோர் சிலரே. சென்னை இராஜதானியின் தலைமை வைத்தியராயிருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன், ஊமத்தையைப் புகைத்தால் இளைப்புத் தணியும் என்னும் இந்நாட்டு முறையைப் பிறருக்கும் எடுத்துரைக்க, ஜென்ட் என்ற படைத்தலைவர் 1802-இல் அதனைப் பிரிட்டனுக்குக் கொண்டு சென்றார். பின்னர் நூறாண்டுக்கு மேலாக, ஊமத்தையினத்து இலையைச் சுருட்டிய சிகரெட்டுகள் மேனாட்டு மருந்துக் கடைகளில் விற்பனையாயின. சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் ஆண்டர்சனுக்குச் சிலை இருக்கிறது. அச்சிகிச்சையை முதலில் கண்ட நாட்டு வைத்தியர்களுக்குச் சிலை இல்லை.

அந்தப் புகை பலன் தந்ததற்குக் காரணம் உண்டு. மூச்சுக் குழாய்களைச் சுற்றி அமைந்த தசைகளை இறுகும்படி வேகஸ் நரம்பு, அசிட்டைல்கோலின் என்னும் இரசாயனத்தின் வாயிலாக ஏவுகிறது. ஊமத்தையிலுள்ள அட்ரோபின் அந்த ஏவல் தசையைச் சேராவண்ணம் தடுக்கிறது. ஆயினும் அதே சரக்கு இரத்தத்தில் கலந்து மூளையையும் எட்டுவதால், நா வறண்டு, பார்வை மங்கி, புத்தி தடுமாறி, உயிருக்கே அபாயம் நேரக்கூடும்; ஆகவே எவரும் இதை வீட்டில் பரீட்சித்துப் பார்க்கலாகாது. அட்ரோபினைச் சற்றே மாற்றி, எளிதில் மூளைக்குள் புகாதபடி செய்த இப்ராட்ரோபியமே இன்று மருத்துவமனைகளில் புகைபோல் முகமூடி வழியே தரப்படுகிறது.

ஆனால் ஒவ்வாமையால் வரும் ஆஸ்துமாவில் நரம்பின் ஏவலைக் காட்டிலும் வலிய சக்திகள் வேலை செய்கின்றன. வீட்டுத் தூசியில் வாழும் நுண்ணிய உண்ணியின் கழிவோ, கரப்பானின் துகளோ, மகரந்தமோ உள்ளே சென்றதும், 1966-இல் இஷிசாகா தம்பதியர் இனங்கண்டு காட்டிய ஐஜிஈ என்னும் எதிர்ப்புப் பொருளைத் தாங்கி நிற்கும் மாஸ்ட் அணுக்கள், அதைப் பகையென்று கருதி, ஹிஸ்டமின், லூகோட்ரையீன், புரோஸ்டகிளாண்டின் ஆகிய பொருள்களைக் கொட்டிவிட, சில நிமிஷங்களில் தசை இறுகி, சவ்வு வீங்கி, சளி பெருகுகிறது. குழாயின் உள்விட்டம் பாதியானால் காற்றோட்டத்துக்கு நேரும் தடை இரு மடங்கன்று, பதினாறு மடங்காகும் என்பது பௌதிக விதி. நோயாளி படும் அவஸ்தையை அயலார் குறைத்து மதிப்பிடுவது ஏனென்று இதிலிருந்து தெளிவாகும்.

ஹிஸ்டமின் குழாயைச் சுருக்குகிறதென்றால், தும்மலுக்கு விழுங்கும் அலர்ஜி மாத்திரை இளைப்பை நிறுத்தாதது ஏன்? இக்கேள்விக்கு விடை கிடைத்த வரலாறு விசித்திரமானது. 1938-இல் மெல்போர்னில் ஃபெல்ட்பெர்க், கெல்லவே என்ற இருவர் நல்லபாம்பின் விஷத்தைக் கினிப்பன்றியின் நுரையீரலில் செலுத்தியபோது, ஹிஸ்டமினைப் போலன்றி மெதுவாகத் தொடங்கி நெடுநேரம் நீடிக்கும் சுருக்கத்தை உண்டாக்கும் வேறொரு பொருள் வெளிவரக் கண்டனர். அது இன்னதென்று தெரிய நாற்பது ஆண்டுகள் சென்றன; ஸ்வீடன் தேசத்துச் சாமுவேல்சன் 1979-இல் அதனை லூகோட்ரையீன் வகையென நிறுவினார். மூச்சுக் குழாயைச் சுருக்குவதில் அது ஹிஸ்டமினைவிட ஏறக்குறைய ஆயிரம் மடங்கு வலிமையுள்ளது. வைத்தியர்கள் இப்போது எழுதித் தரும் மாண்டிலுகாஸ்ட் மாத்திரை அதைத் தடுப்பதற்கே.

இதனோடும் காரியம் முடிவதில்லை. முதல் இறுக்கம் தணிந்து நோயாளி நிம்மதியடைந்த சில மணி நேரத்துக்குப் பின், அழைக்கப்பட்டு வந்து சேர்ந்த இயோசினோபில் முதலான வெள்ளணுக்கள் குழாய்ச் சுவரில் குடியேறி அழற்சியை வளர்க்க, இரண்டாம் இறுக்கம் தோன்றுகிறது. குழாயை விரிக்கும் மருந்தான சால்பியூட்டமால் தசையைத் தளர்த்துமேயன்றி இவ்வழற்சியைத் தணிக்காது. அழற்சியைத் தணிப்பவை, 1972 முதல் வழக்கில் உள்ள, உறிஞ்சும் ஸ்டீராய்டுகளே. தறிவீட்டின் பஞ்சுத் தூசியும் அடுப்புப் புகையும் எளிதில் உறுத்துவது இவ்விதம் அழன்ற குழாயைத்தான்.

எனினும் ஸ்டீராய்டு என்ற பெயர் கேட்டதுமே பெற்றோர் அஞ்சுகின்றனர். ‘பம்பு பழகிவிட்டால் விடமுடியாது’ என்று அக்கம்பக்கத்தார் சொல்வதை நம்பி, வீசிங் நின்ற மறுநாளே நிறுத்தியும் விடுகின்றனர். இந்த அச்சத்தினால் விளையும் தீங்கு மருந்தினால் விளையக்கூடியதைவிடப் பன்மடங்கு பெரிது என்பதே என் துணிபு. மாத்திரையில் மில்லிகிராம் கணக்கில் உடலெங்கும் பரவும் ஸ்டீராய்டு, இன்ஹேலரில் மைக்ரோகிராம் கணக்கில் நோயுள்ள இடத்துக்கே செல்கிறது. பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் குழாயை விரிக்கும் மருந்தை மட்டும் தனியே தருவது போதாது, அபாயமும்கூட என்று ஜினா என்னும் சர்வதேச ஆஸ்துமா அமைப்பு 2019-இல் திட்டமாக அறிவித்தது. ஆகையால், வீட்டில் இளைப்புள்ள குழந்தையோ முதியவரோ இருப்பின், அவர் கையிலுள்ள இன்ஹேலர் தசையைத் தளர்த்துவதா, அழற்சியைத் தணிப்பதா என்று வைத்தியரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அழற்சியைத் தணிப்பதாயின், உறிஞ்சியபின் வாய் கொப்பளிக்கச் செய்து, வைத்தியர் சொல்லாமல் ஒருநாளும் நிறுத்தாதீர்கள்.