வெளிச்சம் போட்டுக் கெடுத்தேன்!

வீட்டில் என்னை எதிர்த்துப் பேசாத ஜீவன் ஒன்றே ஒன்று... என் கடல்நீர்த் தொட்டியில் இருக்கும் மூளைப் பவளம். "ஹால்ல அதுக்காவது மூளை இருக்கட்டும்" என்பாள் என் சகதர்மிணி.

சிங்கப்பூரில் ஆபீஸ் உத்தியோகம், அடுக்குமாடிக் குடித்தனம். போனஸ் வந்ததும் இரண்டடித் தொட்டியை நாலடியாக்கினேன். தொட்டி பெரிசானால் வெளிச்சமும் பெரிசாக வேண்டாமா? கடையிலேயே பிரகாசமான எல்.ஈ.டி. விளக்கை வாங்கி முழு வேகத்தில் எரியவிட்டேன். ஹால், பகலிரவு கிரிக்கெட் மைதானம் மாதிரி ஜொலித்தது!

பத்தே நாளில் ஐந்து வருஷம் வளர்த்த பவளம் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆபீஸில் ஒரு சீனியர், பழம் தின்று கொட்டை போட்ட தொட்டிக்காரர், வீட்டுக்கே வந்து பார்த்தார். "தம்பி, பவளம் செடியில்ல, பிராணி. அது உடம்புக்குள்ள நுண்ணிய பாசி குடியிருக்கு. அதுதான் வெளிச்சத்துல சமைச்சுப் போடற சமையல்காரன். திடீர்னு வெளிச்சம் கூடினா சமையல்காரனையே துரத்திடும். இன்னும் சாகலை, பட்டினி கிடக்கு!"

பையிலிருந்து பார் மீட்டரை எடுத்தார். (பார் என்றதும் வேறு நினைப்பு வேண்டாம். பாசிக்குப் பயன்படும் ஒளியை அளக்கிற கருவி!) முள் 400-ஐக் காட்டியது. மூளைப் பவளத்துக்கு 100 சுமாருக்கு இருந்தாலே போதுமாம். மான்கொம்புப் பவளத்துக்குத்தான் 200-க்கு மேல் வேண்டும்.

அவர் சொன்ன பாடம் இது: வாட்ஸைப் பார்த்து விளக்கு வாங்காதீர்கள், அது கரண்ட் பில் கணக்கு. முதலில் எந்தப் பவளம் என்று முடிவு செய்யுங்கள். ஒரு விளக்கு சுமார் இரண்டடி அகலத்துக்குத்தான் காணும். நாலடித் தொட்டிக்கு மிதமான விளக்கு இரண்டு மேல். நீல ஒளி தூக்கலாக இருக்கட்டும். கடலில் ஆழத்துக்குப் போவது அதுதான். கால் பங்கு வெளிச்சத்தில் ஆரம்பித்து, மாசம் ஒன்றரையில் மெல்ல ஏற்றுங்கள். ராத்திரி அணைத்துவிடுங்கள்.

ஊரில் இருக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை: இந்தியாவில் பாறைப் பவளங்கள் 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. மன்னார் வளைகுடாவில் பார்த்து ரசிப்பதோடு சரி!

வெளிச்சத்தைக் குறைத்தேன். மூன்று மாதம் கழித்து ஓரமாக ஒரு பச்சை தெரிந்தது. ஓடிப்போய் மனைவியைக் கூப்பிட்டேன்.

"பரவாயில்லையே, மூளை திரும்பிடுச்சு" என்றவள், என்னையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"ரெண்டு பேருக்கும்தான்!"